பதினோரு பேர் பார்த்த வீடியோ

ராஜலட்சுமிக்கு நாற்பத்தெட்டாவது வயதில் புகழ் வந்தது. ஒரு டம்ளர் கஷாயத்தால் வந்தது.

அதுவரைக்கும் அவளை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷம். கார்களுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெல்ட்டில் வருகிற பாகத்தை எடுத்து லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்புக் கூடை, இல்லாவிட்டால் பச்சைக் கூடை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு உருப்படி. வீட்டுக்கு வந்தால் புருஷன் வெள்ளைச்சாமி, டிவி, சோறு. இதற்கு நடுவில் நாலு வருஷமாகச் சர்க்கரை வேறு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளை மத்திகிரி ஸ்டாப்பில் இறக்கிவிடும்போது மணி மூன்றாகும். அந்த ஸ்டாப்புக்கு எதிரில்தான் சேர்மன் திம்மராயன் சாமியானா போட்டிருந்தார். அவர் சேர்மனாக இருந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பத்து வருஷத்துக்கு முன்னால். ஆனாலும் ஊருக்கு அவர் சேர்மன்தான். அடுத்த தேர்தல் எப்போது என்று ஒருத்தருக்கும் தெரியாத நிலையில் அவர் மட்டும் தயாராக இருந்தார். போன தடவை தண்ணீர்ப் பந்தல் வைத்தார், யாரும் ஓட்டுப் போடவில்லை. இந்தத் தடவை ஆவாரம்பூ, கொய்யா இலை, வெந்தயம், இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சி, சர்க்கரைக்காரர்களுக்கு இலவசக் கஷாயம் என்று பெரிய எவர்சில்வர் டிரம்மில் வைத்துவிட்டார். ஓசூரில் சர்க்கரைக்காரர்களுக்கா பஞ்சம்? கூட்டம் அள்ளியது.

ராஜலட்சுமி மூன்று வாரம் குடித்தாள். சும்மா கிடைப்பதை விடுவானேன் என்றுதான் குடித்தாள். அதே மூன்று வாரத்தில் ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள், கேண்டீனில் போடுகிற கேசரியைக் கையால்கூடத் தொடவில்லை, மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது இருநூற்று எண்பது இருந்த சர்க்கரை நூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. சந்தோஷத்தில் சாமியானாவில் போய்ச் சொல்லிவிட்டாள். வீடியோ ஆப்பில் சேர்மனுடைய பேஜைப் பார்த்துக்கொள்கிற மாதேஷ் உடனே படம் பிடிக்கச் செல்போனை நீட்டினான்.

அவள் பேசியது நாலு நிமிஷம். மாத்திரை, சோறு, கேசரி, கஷாயம் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். வெளிவந்ததோ நாற்பது விநாடி. “மூணு வாரம் இந்தக் கஷாயம் குடிச்சேன். இருநூத்தி எண்பது இருந்தது நூத்தி நாப்பதுக்கு வந்துருச்சு!” என்று அவள் சிரிக்கிறாள். உடனே திம்மராயன் வந்து நிற்கிறார். “பாத்தீங்களா? மாத்திரையும் வேணாம், ஊசியும் வேணாம். எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. மொதல் மூணு நாள் வாந்தி வரும், தலை சுத்தும். பயப்படாதீங்க, அது வெஷம் வெளியே போறது. அந்த மிஷினை வெச்சு சுகர் பாக்காதீங்க, மனசு கெட்டுப்போவும்” என்கிறார். பின்னால் ஒரு மேளச் சத்தம்.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

வெட்டியிருக்கிறார்கள் என்று ராஜலட்சுமிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷமாகக் கீறல் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் மறுநாள் கேண்டீனில் வரிசையில் நின்றவர்கள் “அக்கா, நீங்கதானா அது?” என்று இடம் விட்டார்கள். சூப்பர்வைசர் தன் மாமியாருக்குக் கஷாயப் பக்குவம் கேட்டார். அருப்புக்கோட்டையில் பத்து வருஷமாகப் பேசாத நாத்தனார் போன் பண்ணி, சேலை நன்றாக இருந்தது என்றாள். இதையெல்லாம் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கீறல் விழுந்த சாமான் என்று தெரிந்தே பச்சைக் கூடையில் போட்டாள். மாத்திரையை மட்டும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனால் அவள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஜெயப்ரியா இருந்தாள்.

ஜெயப்ரியா வீட்டுக்காரி முனிலட்சுமியின் ஒரே மகள். இருபது வயது. பதினோரு வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிறவள். ராஜலட்சுமிக்கு இருப்பது வயதான பிறகு வருகிற சர்க்கரை. ஜெயப்ரியாவுக்கு இருப்பது வேறு ஜாதி. அவள் உடம்பில் இன்சுலின் ஒரு சொட்டுகூடச் சுரக்காது. ஒரு நாளைக்கு நாலு ஊசி, வயிற்றிலும் தொடையிலும் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்வாள். குத்திவிட்டு வாய்க்குள் பத்து எண்ணுவாள், பிறகுதான் ஊசியை உருவுவாள். அந்த ஊசி நின்றால் ரெண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து என்று பெங்களூர் டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். முனிலட்சுமிக்கு அது ஒன்பது வருஷத்துக்கு முந்தின பேச்சு.

இப்போது மாலூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகத் தகவல். ஊசி போடுகிற பெண் என்று தெரிந்தால் பாதி வழியிலேயே காரைத் திருப்பிவிடுவார்கள் என்று முனிலட்சுமி பயந்தாள். அந்தப் பயத்தில் இருந்தவள் கண்ணில்தான், மாடியில் குடியிருக்கிற ராஜி அக்கா சிரித்துக்கொண்டே கஷாயம் குடிக்கிற வீடியோ பட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பாள். ராஜி அக்கா பொய் சொல்ல மாட்டாள். வாடகையைக்கூட ஒரு நாள் தள்ளிக் கொடுத்ததில்லை. முனிலட்சுமி நாலு ஊசியை ரெண்டாக்கினாள். பிறகு ஒன்றாக்கினாள். சர்க்கரை பார்க்கிற மிஷினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். மாடியில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீடியோ காணாமல் போயிற்று.

‘தவறான சுகாதாரத் தகவலைப் பரப்பியதால் இந்தப் பதிவு நீக்கப்பட்டுள்ளது’ என்று அந்த ஆப்காரர்கள் எழுதிப் போட்டுவிட்டார்கள். திம்மராயன் இடிந்துபோயிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அரசியலுக்கு லாயக்கில்லை. அன்று மூன்று மணிக்குள் சாமியானாவுக்கு மேலே இருபதடி பேனர் ஏறிவிட்டது. ‘உண்மை சொன்னதால் முடக்கினார்கள்! மக்கள் மனதிலிருந்து முடக்க முடியுமா?’ அதில் அவர் வாயில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிய மாதிரிப் படம். கஷாயத்துக்கு நின்ற வரிசை ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க பேக்கரி வரைக்கும் போனது.

ராஜலட்சுமி பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வாசலில் முனிலட்சுமி ராகிக் களிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது.

“அக்கா, பாத்தீங்களா? எடுத்துட்டாங்க!”

“பாத்தேன் முனிம்மா.”

“எனக்குப் பாதி சந்தேகம் இருந்துச்சுக்கா. இப்பத் தீந்துபோச்சு. பொய்யா இருந்தா எதுக்கு எடுப்பாங்க? எத்தினி பேரு எத்தினி பொய் போட்டுக்கினு இருக்கறாங்க, அதெல்லாம் எடுத்தாங்களா? மருந்துக் கம்பெனிக்காரன் வயித்துல அடிக்குதுன்னுதான் எடுத்தாங்க. வெள்ளிக்கிழமை நல்ல நாளு. அன்னியிலருந்து ஜெயாவுக்கு ஊசியே கிடையாது. இப்பவே ஒண்ணுதான் போட்டுக்கினு இருக்கறா.”

ராஜலட்சுமி பையைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“முனிம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராத. நான் மாத்திரைய விடவே இல்ல. இன்னிக்கும் காலைல போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனேன். நான் பேசுனதுல அத வெட்டிட்டாக.”

முனிலட்சுமி சல்லடையை நிறுத்தினாள். கோபப்படவில்லை. ரொம்ப இரக்கத்தோடு பார்த்தாள்.

“கம்பெனில கூப்ட்டு மெரட்டினாங்களாக்கா?”

“அய்யோ, யாரும் மெரட்டல! சத்தியமாச் சொல்றேன். எந்தலைல அடிச்சுச் சொல்றேன்.”

“சேர்மனுக்கே வாயில பிளாஸ்திரி போட்டுட்டாங்க. நீங்க எந்த மூலைக்கு? வுடுங்கக்கா, எனக்குப் புரியுது.”

ராஜலட்சுமி மாடிக்கு ஓடி மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டினாள். கெட்ட நேரம், அது அன்றைக்குக் காலையில் பிரித்த அட்டை. ஒரே ஒரு மாத்திரைதான் குறைந்திருந்தது. பழைய அட்டைகளையெல்லாம் அவள்தான் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கம்பெனிக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தாளே.

“இப்பத்தான் வாங்கியாந்தீங்களா?” என்று முனிலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

ராஜலட்சுமி, முனிலட்சுமியின் புருஷன் நாராயணப்பனுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவர் சானமாவுப் பக்கத்துக் காட்டில் ராகிக் கதிருக்குக் காவல் இருந்தார். யானைக் கூட்டம் இறங்கியிருக்கும் நேரம். “வூட்டு விசயம் எல்லாம் அவளக் கேளும்மா, இங்க எனக்கே உசுரு கையில இருக்குது” என்று வைத்துவிட்டார். ஜெயப்ரியாவிடம் பேசிப் பார்த்தாள். “ஒம்போது வருஷம் ஆன்ட்டி. எத்தனை ஊசின்னு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். பன்னெண்டாயிரத்துக்கு மேல வந்துச்சு. நிறுத்தலாம்னு எங்க அம்மாவே சொல்றாங்க, நான் வேணாம்னு சொல்வேனா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

புதன்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே சாமியானாவுக்குப் போனாள்.

“அந்த முழு வீடியோவக் குடு மாதேஷ். நான் மாத்திரைன்னு சொன்னது அதுல இருக்குல்ல, அத ஒரு ஆளுக்குக் காட்டணும்.”

“அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சுக்கா. போன்ல இடம் வேணாமா? நாலு நிமிஷம் ஓடறத எவன் பாப்பான்? மாத்திரை, கேசரின்னு நீங்க பாட்டுக்கு இழுத்துக்கினு போறீங்க” என்றான். அவனுக்கு இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. நீளமாக இருந்ததை வெட்டினான், அவ்வளவுதான்.

திம்மராயன் அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“அம்மா, உங்களை நான் மாத்திரை போடாதன்னு சொன்னேனா? இல்லியே. போட்டுக்குங்க. தாராளமாப் போட்டுக்குங்க.”

“அந்தப் பொண்ணுக்கு ஊசி நின்னா செத்துப்போவும்ங்க. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

“சொல்லலாம். ஆனா இப்ப நான் மாத்திச் சொன்னா, பயந்துட்டான் சேர்மன்னு ஆயிடும். எனக்காக இல்லம்மா, ஜனங்களுக்காகப் பாக்குறேன். டேய், அம்மாவுக்கு ஒரு கஷாயம் குடு.”

கொடுத்தார்கள். ராஜலட்சுமி அதை வாங்கி அவர் கண்ணுக்கு எதிரிலேயே தரையில் ஊற்றினாள். சிந்திவிட்டது போலிருக்கிறதென்று ஒருவர் இன்னொரு டம்ளர் நீட்டினார்.

வீடியோவால் வந்தது வீடியோவால்தான் போகும் என்று வியாழக்கிழமை முடிவு பண்ணினாள். நாத்தனார் பாராட்டிய அதே சேலையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். வெள்ளைச்சாமி படம் பிடித்தான். அவன் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கை ஆடாது. அவளுடைய போனில் பழைய வீடியோ வாட்ஸப்பில் வந்தது கிடந்தது. அதை ஓடவிட்டு, காமிராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். “இது நான்தான். இதுல நான் சொன்ன பாதிய வெட்டிட்டாக. நான் மாத்திரைய விடல. இந்தக் கஷாயத்த நம்பி யாரும் ஊசிய நிறுத்தாதீக, உசுரு போயிரும். அன்னிக்கே சொல்லிருக்கணும், ஆசைல சும்மா இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்.” இதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. திரும்ப எடுக்கலாமா என்று வெள்ளைச்சாமி கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள்.

சாயங்காலம் அதைப் போட்டு, லிங்கை அங்கே குடியிருக்கிறவர்களின் லைன் வீட்டு வாட்ஸப் குரூப்பிலும் அனுப்பினாள். அது தண்ணீர் மோட்டார் எப்போது போடுவார்கள், குப்பை வண்டி வந்ததா என்று கேட்பதற்காக முனிலட்சுமி ஆரம்பித்த குரூப். முனிலட்சுமி அதைத் திறக்கவில்லை. மனசை மாற்றிக்கொள்கிற மாதிரி எதையும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பார்க்கக் கூடாதென்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயப்ரியாவுக்கு ஊசி நின்றது. அதே காலையில் ராஜலட்சுமியின் வீடியோவையும் எடுத்துவிட்டார்கள்.

‘தவறான சுகாதாரத் தகவலைப் பரப்பியதால் இந்தப் பதிவு நீக்கப்பட்டுள்ளது.’ எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். அவள் கையில் பிடித்துக் காட்டினாளே பழைய வீடியோ, அதை வைத்து ஏதோ கம்ப்யூட்டர் அடையாளம் கண்டு, இதுவும் அதுதான் என்று தூக்கிவிட்டது. அழுகை, சத்தியம் எதையும் அது கேட்கவில்லை. மொத்தம் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் நாலு தடவை வெள்ளைச்சாமியே பார்த்தது.

“எம் பொண்டாட்டி பொய் சொல்றான்னு சொல்ல இவன் யாருடி?” என்று வெள்ளைச்சாமி குதித்தான். “அதச் சொல்றதுக்கு நான் ஒருத்தன் இல்லியா?” போனைப் பிடுங்கி, கீழே சின்ன எழுத்தில் இருந்த ‘மறுபரிசீலனை கோருக’ என்பதை நாலைந்து தரம் அழுத்தினான். ராஜலட்சுமிக்கு அதில் நம்பிக்கையில்லை. தான் சொன்ன பொய்க்கு நாலு லட்சம் பேர், நிஜத்துக்குப் பதினோரு பேர் என்று நினைத்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனாள். அன்று நல்ல பாகங்களை ரெண்டு முறை சிவப்புக் கூடையில் போட்டுச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்றேகால் மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டில் ஜெயப்ரியா பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் பக்கெட். உதடெல்லாம் வெடித்திருந்தது. மூச்சு மட்டும் படிக்கட்டு ஏறிவந்தவள் மாதிரி வாங்கிக்கொண்டே இருந்தது. அறையில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

“எத்தன தடவ வாந்தி?”

“காலையிலருந்து ஆறு. சேர்மன் சொன்னாருல்ல, மொதல் மூணு நாளு வெஷம் வெளிய வரும்னு” என்றாள் முனிலட்சுமி. ஆனால் அவள் குரலில் செவ்வாய்க்கிழமை இருந்த தெம்பு இல்லை.

“வெஷமும் இல்ல மண்ணும் இல்ல! புள்ள சாகுதுடி! நான் ஆம்புலன்ஸுக்குப் போடுறேன்.”

“போடுங்க. நான் ஏத்த வுட மாட்டேன்.” முனிலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “இன்னும் ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பொறுத்துக்கினா ஜென்மத்துக்கும் ஊசி இல்ல. நீங்களே உங்க வாயால சொன்னீங்கல்லக்கா? நாலு லட்சம் பேருக்குச் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி சொல்றீங்க?”

“வேற மாதிரியும் நாலு பேருக்குச் சொன்னேன்ல! குரூப்புல போட்டேனே, பாத்தியா நீ?”

“இன்னிக்கிக் காலைல தொறந்தேன். ஒண்ணும் வர்ல.”

“எப்படி வரும்? அதையும்தான் எடுத்துட்டாகளே!” என்று ராஜலட்சுமி கத்தினாள். ஆத்திரத்தில் கத்தியதுதான். அதில் வேறு யோசனை எதுவும் இல்லை.

முனிலட்சுமி வாசல் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.

“எடுத்துட்டாங்களா?”

“ஆமா.”

“யாரு எடுத்தாங்க?”

“யாரு எடுப்பா? சேர்மனுத எடுத்தாகல்ல, அவுகளேதான்.”

“காட்டுங்க.”

ராஜலட்சுமி போனைக் கொடுத்தாள். முனிலட்சுமிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், படித்ததெல்லாம் தெலுங்கு. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தவறான. சுகாதார. தகவலை. சேர்மன் வீடியோ போன அன்றைக்கு இதே எழுத்துகளை இதே விரலால் படித்தவள்தான். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“தேவுடா” என்றாள். “அப்ப நீங்க சொன்னது நெஜமா?”

ராஜலட்சுமிக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் அதை மறுக்கத் துணிச்சல் வரவில்லை.

“நெஜம்” என்றாள். “அதனாலதான் எடுத்தாக.”

அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முனிலட்சுமியே ஆட்டோவைக் கூப்பிட்டாள், முனிலட்சுமியே மகளைத் தோளில் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சர்க்கரை, மிஷின் காட்டக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. ரெண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். இன்னும் நாலு மணி நேரம் கழித்து வந்திருந்தால் எங்களிடம் கொண்டுவந்திருக்கவே வேண்டியதில்லை என்று டூட்டி டாக்டர் திட்டினார். ஜெயப்ரியா மூன்று நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாள், ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முனிலட்சுமி ராஜலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “டாக்டரு ஆயிரம் சொல்லுவாருக்கா. அவருக்கு அது தொழிலு, அப்பிடித்தான் சொல்லுவாரு. உங்களுத எடுத்துட்டாங்கன்னு பாத்தேன் பாருங்க, அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இனி யாரு சொன்னாலும் ஊசிய வுட மாட்டேன்.”

ராஜலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டும் கொஞ்சம் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெள்ளைச்சாமி அழுத்திய பொத்தான் எங்கேயோ எவர் மேஜைக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் இல்லை, ரத்தமும் சதையுமான ஒரு மனுஷன், தமிழ் தெரிந்த யாரோ, அவள் பேசிய ஒன்றரை நிமிஷத்தையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஜெயப்ரியா வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், ஏ ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ராஜலட்சுமியின் போனில் தகவல் வந்தது. ‘உங்கள் பதிவை மீண்டும் ஆய்வு செய்தோம். அது எங்கள் விதிகளை மீறவில்லை. தவறுக்கு வருந்துகிறோம். உங்கள் பதிவு மீண்டும் வெளியிடப்பட்டுள்ளது.’

முதலில் நெஞ்சு நிறைந்துபோயிற்று. பொய் சொல்லவில்லை என்று எவனோ ஒருத்தன் எழுதிக் கொடுத்துவிட்டான். இனி அந்த நாலு லட்சத்தில் நாலு பேராவது இதைப் பார்ப்பார்கள். சூப்பர்வைசரின் மாமியார் பார்க்கலாம். வெள்ளைச்சாமியிடம் சொன்னால் பிரியாணி வாங்கிவருவான்.

பஸ் சிப்காட் கேட்டைத் தாண்டித் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு லைன் வீட்டு குரூப் ஞாபகத்துக்கு வந்தது. அந்த லிங்க் அதில் அப்படியே கிடக்கிறது. இனி தொட்டால் திறக்கும். முனிலட்சுமி ஒரு நாளைக்கு ஒரு தரமாவது அதைத் தொட்டுப் பார்க்கிறாள், பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் காட்டி, “பாருங்க, வுட மாட்டேங்கறாங்க” என்கிறாள். எடுத்ததெல்லாம் உண்மை என்றால், திருப்பிப் போட்டது என்ன? சேர்மனுடைய வீடியோ இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது. அவர் ஆட்கள் இப்போது கஷாயத்தைப் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தை பிறக்க இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. மாலூர்க்காரர்கள் வருவதாகத்தான் இருக்கிறார்கள்.

உட்கார வைத்து எடுத்துச் சொல்லலாமா? சொன்னாள் ஒரு தரம். சத்தியம் பண்ணி, மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் நீட்டி, எல்லாம் பண்ணிப் பார்த்தாயிற்று.

வீடியோவைத் திறந்தாள். அதில் அவள் அழுதுகொண்டிருந்தாள். மூலையில் மூன்று புள்ளி இருந்தது, அதைத் தொட்டால் ‘நீக்கு’ என்று வந்தது, அதைத் தொட்டால் ‘நீக்கினால் திரும்பப் பெற முடியாது’ என்று வந்தது. பார்த்தவர்கள் பன்னிரண்டு என்று காட்டியது. அந்தப் பன்னிரண்டாவது ஆள் ஆய்வு பண்ணினவனாகத்தான் இருக்க வேண்டும். பாவம், ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான். பார்க்காத நாலு லட்சம் பேரை நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர்களில் யார் வீட்டு வாசலும் அவளுக்குத் தெரியாது. தெரிந்த வாசல் ஒன்றுதான்.

மத்திகிரி ஸ்டாப் வருவதற்குள் அழுத்திவிட்டாள்.

வாசலில் முனிலட்சுமி மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்தாள். ஜெயப்ரியா படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனிலட்சுமி கையில் போன்.

“அக்கா, நானும் தினம் பாத்துக்கினே இருக்கறேன். உங்க வீடியோவ இன்னும் வுடலியே?”

“இல்ல” என்றாள் ராஜலட்சுமி.

“வுட மாட்டாங்க. நெஜத்த எப்பிடி வுடுவாங்க?” என்றாள் முனிலட்சுமி. “ஏ ஜெயா, மொதல்ல ஊசி, அப்பறம் சோறு.”

ஜெயப்ரியா தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை லேசாகத் தூக்கி ஊசியைக் குத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் பத்து எண்ணி முடித்து ஊசியை உருவுகிற வரைக்கும் ராஜலட்சுமி அங்கேயே நின்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.